ஃபிரைபுர்க் நகரசபையில் பசுமைக் கட்சி

ஜெர்மனி தேசத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு புறம் கருங்காடு என்று பெயர்பெற்ற மலைத்தொடரும் மறுபுறம் ரைன் நதியின் அகன்ற சமவெளியும் சூழ, நடுவே டிரைசாம் என்னும் சிற்றாறு மலையிலிருந்து இறங்கிவரும் இடத்தில் அமைந்த ஃபிரைபுர்க், இரண்டேகால் லட்சத்துக்குச் சற்று அதிகமான ஜனங்கள் வசிக்கும் நடுத்தர நகரம். 1457இல் ஸ்தாபிக்கப்பட்ட சர்வகலாசாலையும், மணற்கல்லால் எழுப்பிய பழைய தேவாலயமும், இடைக்காலம் தொட்டுத் தெருவோரங்களில் ஓடிக்கொண்டிருக்கும் சிறு வாய்க்கால்களும் அதன் அடையாளங்கள். இந்நகரத்து வாக்காளர்கள் 2002ஆம் ஆண்டு மே மாதம் பசுமைக் கட்சியைச் சேர்ந்த டீட்டர் சாலமோன் என்பவரைத் தங்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை கொண்ட ஜெர்மானிய நகரம் ஒன்றின் தலைமைப் பொறுப்பு அக்கட்சிக்கு வாய்த்தது அதுவே முதல் தடவை. கட்சி பிறந்து அப்போது இருபத்திரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன.

மரத்தையும் ஆற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி வாக்குக் கேட்ட ஒரு சிறு கூட்டம், சாலை, சாக்கடை, வரி, வாடகை என்னும் அன்றாட விவகாரங்கள் நிறைந்த நகரசபைக்குள் நுழைந்து, படிப்படியாக அதன் முதல் ஸ்தானத்தை அடைந்த சரித்திரம், அக்கட்சியின் கொள்கைப் பிரகடனங்களைப் படித்து மட்டும் விளங்கிவிடாது. கட்சி தோன்றுவதற்கு முன்பே அதன் காரியம் அம்மண்ணில் தோன்றிவிட்டது. அந்தக் காரியத்தைத் தொடங்கியவர்களோ திராட்சைத் தோட்டக்காரர்கள்.

ஃபிரைபுர்க்குக்கு வடமேற்கே கைசர்ஸ்டூல் என்று ஒரு குன்றுக்கூட்டம் உண்டு. எப்போதோ அணைந்துபோன எரிமலையின் மிச்சமான அக்குன்றுகள், ஜெர்மனியிலேயே வெயில் மிகுந்த பகுதிகளில் ஒன்றாக எண்ணப்படுபவை. சரிவுகளைப் படிப்படியாக வெட்டித் திராட்சை பயிரிட்டு மது வடிப்பது அங்குள்ள குடிகளின் பரம்பரைத் தொழில். 1970களின் தொடக்கத்தில், அருகிலிருந்த பிரைசாக் என்னும் ஊரில் ரைன் கரையோரமாக ஓர் அணுமின் நிலையம் கட்டப் போவதாகச் செய்தி பரவியபோது, அக்குடியானவர்களை முதலில் கலங்கச் செய்தது கதிர்வீச்சு பற்றிய அச்சமன்று. குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து எழும் நீராவி மேகமாகக் கவிந்து வெயிலை மறைத்துவிடும், பனிமூட்டம் நீடிக்கும், திராட்சையில் இனிப்பு ஏறாது என்பதே அவர்களுடைய கவலை. எதிர்ப்பு வலுக்கவே அரசாங்கம் பிரைசாக்கைக் கைவிட்டு, 1973 ஜூலையில், குன்றுகளின் வடபுறத்தே வீல் என்னும் சிற்றூரை அடுத்த ஆற்றோரக் காட்டைத் தேர்ந்தெடுத்தது. மின் நிலையத்தைக் கட்டவிருந்த கம்பெனியில் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில அரசாங்கமே பெரும் பங்குதாரராயிருந்தபடியால், அனுமதி கேட்பவரும் அனுமதி கொடுப்பவரும் ஏறத்தாழ ஒருவரே என்னும் எண்ணம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றியது. இம்மின் நிலையம் எழாவிட்டால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மாநிலத்தில் விளக்குகள் அணையத் தொடங்கிவிடும் என்று முதன்மந்திரி ஃபில்பிங்கர் எச்சரித்தார். அவருடைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக வாக்களித்து வந்தவர்கள் தாம் அக்குடியானவர்கள். அவர்களிடம் அந்த எச்சரிக்கை எடுபடவில்லை.

அதே காலத்தில் ஆற்றுக்கு அக்கரையில், பிரான்சு தேசத்து அல்சாஸ் பிரதேசத்தில், மார்க்கோல்ஷைம் என்னும் ஊரருகே ஈயத் தொழிற்சாலை ஒன்று வரவிருந்தது. இரு கரையாரும் பேசுவது ஒரே அலெமானிய வட்டார மொழி. இரண்டு உலக யுத்தங்களில் எதிரெதிர்ப் படைகளில் நிறுத்தப்பட்ட குடும்பங்கள் அவை. 1974 செப்டம்பரில் இரு கரையாரும் சேர்ந்து அந்தத் தொழிற்சாலை எழவிருந்த நிலத்தில் புகுந்து கூடாரமடித்து உட்கார்ந்துகொண்டார்கள். சில மாதங்களுக்குள் பிரெஞ்சு அரசாங்கம் தொழிற்சாலைக்கான அனுமதியை மறுத்துவிட்டது. நிலத்தில் போய் உட்கார்ந்துவிடுவது என்னும் உபாயத்தை அங்கே பழகிக்கொண்டவர்களே வீல் காட்டிலும் அதைக் கையாண்டார்கள்.

வீல் ஊராரிடையே ஒருமித்த அபிப்பிராயம் இருந்ததாகச் சொல்வது பிசகு. காடு கிராமத்தின் பொதுச்சொத்து ஆகையால், அதை விற்கலாமா கூடாதா என்று 1975 ஜனவரி 12ஆம் நாள் ஊரார் வாக்களித்தபோது, நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் விற்கலாம் என்றே சொன்னார்கள். பிப்ரவரி 17ஆம் நாள் மரம் வெட்டும் வேலை தொடங்கியது. மறுநாள் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்று வேலையை நிறுத்தினார்கள். 20ஆம் நாள் போலீஸார் நீர் பாய்ச்சி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஏறத்தாழ 28,000 பேர் திரண்டு வந்து காட்டை மீண்டும் கைப்பற்றினார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த குடியானவப் பெண்களின்மீது நீர் பாய்ச்சப்பட்ட காட்சி தொலைக்காட்சியில் நாடு முழுவதும் தெரிந்ததும், வீல் என்னும் பெயரை அறியாதவர் ஜெர்மனியில் இல்லை என்றாகிவிட்டது.

அவ்வாண்டு நவம்பர் வரை அந்தக் காடு ஜனங்களின் கைவசமிருந்தது. எந்தெந்த நாளில் எந்தெந்த ஊரார் காவலிருப்பது என்று முறை வகுத்துக்கொண்டார்கள். மரக்கட்டைகளைக் கொண்டு பெரிய கூடம் ஒன்றைக் கட்டி அதற்கு நட்பு இல்லம் என்று பெயரிட்டார்கள். அங்கே மாலை வேளைகளில் ஒரு பாடசாலை நடந்தது: வயல்வேலை முடித்துச் சேற்றுக் காலணியோடு வந்த குடியானவரும், ஃபிரைபுர்க் சர்வகலாசாலையிலிருந்து சைக்கிளேறி வந்த மாணவரும் ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்துகொள்ள, பௌதிக சாஸ்திரி ஒருவர் அணு உலையின் அமைப்பை விளக்குவார், இன்னொரு நாள் வழக்கறிஞர் ஒருவர் நிலச்சட்டத்தை விவரிப்பார், வேறொரு நாள் அப்பிரதேசத்துப் பழைய விவசாயிகள் கலகத்தின் கதை நடக்கும். மாணவர்கள் பேசிய புரட்சிகரமான சொற்கள் முதியவர்களுக்கு உவப்பாயிருக்கவில்லை. முதியவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை மாணவர்களுக்குப் புதிது. ஆயினும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒன்றாயிருக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பின்னால் உருவான கட்சிக்குள் இருந்த பலமும் சச்சரவும் இரண்டுமே இந்தப் பலகையில்தான் முதன்முதலில் உட்கார்ந்தன என்று நான் நினைக்கிறேன்.

காட்டில் தொடங்கிய விவகாரம் நியாயஸ்தலத்தில் தொடர்ந்தது. உலையைச் சுற்றி வெடிப்பைத் தாங்கவல்ல காப்புச்சுவர் இல்லாமல் கட்டக் கூடாது என்று ஃபிரைபுர்க் நிர்வாக நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. 1982இல் மன்ஹைமிலிருந்த மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து கட்டுவதற்கு வழிவிட்டது. சட்டம் இடங்கொடுத்த பின்பும் அரசாங்கத்துக்குத் துணிவு பிறக்கவில்லை. ஃபில்பிங்கருக்குப் பின் முதன்மந்திரியான லோதார் ஷ்பேட், 1993க்கு முன் இந்நிலையம் தேவைப்படாது என்று 1983இல் அறிவித்தார். விளக்குகள் அணையவில்லை. மின் நிலையம் எழவுமில்லை.

அணுசக்தி வேண்டாம் என்றவர்களைப் பார்த்து, அப்படியானால் வேறு என்ன செய்வது என்று எதிர்த்தரப்பு கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடும் பணி கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்தது. 1976இல் கைசர்ஸ்டூல் அடிவாரத்து சாஸ்பாக் கிராமத்தில், சூரிய வெப்பத்தால் நீர் சுட வைக்கும் கருவிகளைச் செய்தவர்கள் தங்கள் சாதனங்களைக் கொண்டுவந்து பரப்பிக் கண்காட்சி நடத்தினார்கள். 1977 நவம்பரில், அரசாங்கத்தையும் மின்கம்பெனிகளையும் சாராத விஞ்ஞானிகள் ஃபிரைபுர்க்கில் எகோ இன்ஸ்டிட்யூட் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார்கள். பெட்ரோலியமும் யுரேனியமும் இல்லாமலே ஒரு தேசம் செழிப்பாக வாழ முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டி அவர்கள் 1980இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் தலைப்பே, பிற்காலத்தில் ஜெர்மனியின் எரிசக்தி மாற்றக் கொள்கை முழுவதற்கும் பெயராக அமைந்தது. 1981இல் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் என்னும் விஞ்ஞானி சூரியசக்தி ஆராய்ச்சிக்கென ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தின் கிளையொன்றை அதே நகரில் தொடங்கினார். ஊர்வலம் போனவர்களின் கையில் இவ்விதம் கணக்குப் புத்தகமும் சேர்ந்தது. இதர பல நகரங்களின் எதிர்ப்பியக்கங்களுக்குக் கிட்டாத பாக்கியம் அது.

கட்சி இதற்கெல்லாம் பின்னால் வந்தது. 1979 செப்டம்பர் இறுதியில் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலக் கட்சி உருவாயிற்று. 1980 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹ நகரில் கூடிய மாநாட்டில் தேசியக் கட்சி பிறந்தது. அம்மாநாட்டுக்கு வந்தவர்களுள், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை விட்டு விலகிய ஹெர்பர்ட் குரூல் போன்ற பழைமைப் பற்றுடையோரும், மாணவர் கிளர்ச்சியிலிருந்து வந்த இடதுசாரிகளும், பெட்ரா கெல்லியைப் போன்ற சமாதான இயக்கத்தாரும் கலந்திருந்தார்கள். இரண்டே மாதங்களில் நடந்த மாநிலத் தேர்தலில் கட்சிக்கு நூற்றுக்கு 5.3 வாக்குகளும் சட்டசபையில் ஆறு ஆசனங்களும் கிடைத்தன. நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனமில்லை என்னும் விதியின் தடைக்கல்லை மயிரிழையில் தாண்டிய வெற்றி அது.

நகரசபைத் தேர்தலில் அந்தத் தடைக்கல் இல்லை என்பதையும், அதற்கு மேல் அம்மாநிலத்துக்கு வாய்த்த விசித்திரமான வாக்குமுறை ஒன்றையும் அறிந்தால்தான் சிறு கட்சி அங்கே வளர்ந்த விதம் புலப்படும். ஃபிரைபுர்க் நகரசபைக்கு 48 உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் 48 வாக்குகள். தேர்தலுக்குச் சில நாள் முன்னதாகவே கட்சிக்கு ஒன்றாக வாக்குத்தாள்களின் கற்றை வீடு தேடி வந்துவிடும். சாப்பாட்டு மேஜைமேல் அவற்றைப் பரப்பிக்கொண்டு, குடும்பத்தார் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு நிரப்புவார்கள். விருப்பமான வேட்பாளருக்கு மூன்று வாக்கு வரையில் கொடுக்கலாம். ஒரு கட்சியின் தாளை எடுத்துக்கொண்டு, அதில் பிடிக்காத பெயரை விட்டுவிட்டு, எதிர்க்கட்சியின் பட்டியலிலிருந்து பிடித்த பெயரை அங்கே கையால் எழுதியும் சேர்க்கலாம். பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியை, தெருமுனை மருத்துவர், சைக்கிள் பாதைக்காகப் பத்து வருஷம் மனுப் போட்டவர் என்று முகம் தெரிந்த மனிதரைப் பார்த்து வாக்களிக்க இடங்கொடுக்கும் இம்முறையில், பரம்பரையாக வேறு கட்சிக்கு வாக்களித்து வந்த ஒருவர், தம்முடைய கட்சியைத் துறக்காமலே பசுமைப் பட்டியலிலிருந்து இரண்டு மூன்று பேருக்குக் கை கொடுக்க முடிந்தது. அவ்விதம் ஒருமுறை எழுதிப் பழகிய கை அடுத்த தேர்தலில் இன்னும் சில பெயர்களை எழுதும். 1990ஆம் ஆண்டுத் தேசியத் தேர்தலில் மேற்கு ஜெர்மனியில் ஐந்து சதவீதத்தை எட்டாமல் அக்கட்சி மத்திய சபையிலிருந்த ஆசனங்களை இழந்தபோதும் அடியோடு மாய்ந்துபோகாமைக்குக் காரணம், இப்படிப்பட்ட நகரசபைகளில் அது ஊன்றியிருந்த வேரேயாகும்.

1980களில் நகரசபைக்குள் வந்த பசுமைக் கட்சியார் வெறும் தரிசு நிலத்தில் விதைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1944 நவம்பர் 27 இரவில் பிரிட்டிஷ் விமானங்களின் குண்டுவீச்சால் பழைய நகரம் தரைமட்டமானபோது, அகன்ற மோட்டார் சாலைகளைப் போட்டு நவீன நகரமாக்கிவிடாமல், பழைய தெருக்களின் போக்கிலேயே திரும்பக் கட்டியவர்கள் முன்தலைமுறையார். மற்ற ஊர்கள் டிராம் வண்டியைக் காலாவதியானதென்று தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், அதை வைத்துக்கொள்வதென்றும் விஸ்தரிப்பதென்றும் 1972இல் தீர்மானித்த நகரசபையில் பசுமைக் கட்சி என்ற பெயரே கிடையாது. 1982 முதல் இருபதாண்டு மேயராயிருந்த ரோல்ஃப் பேமெ சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். பசுமைக் கட்சியார் செய்தது, பாதி மனத்தோடு போய்க்கொண்டிருந்த காரியங்களை முழு மனத்தோடு செய்யும்படி ஓயாமல் நெருக்கியதும், பெரிய கட்சிகளுக்குத் தங்கள் வாக்காளரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தை ஊட்டியதுமாகும். சிறு கட்சிக்கு இதைவிட மேலான உத்தியோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காலமும் அவர்களுக்குத் துணை செய்தது. 1980களின் தொடக்கத்தில் கருங்காட்டின் தேவதாரு மரங்கள் நுனியிலிருந்து வெளிறிப் பட்டுப்போகத் தொடங்கின. மோட்டார்ப் புகையும் ஆலைப் புகையும் மழையில் கரைந்து அமிலமாய் இறங்குவதே காரணம் என்று சொல்லப்பட்டபோது, ஞாயிறுதோறும் அம்மலையில் உலாவச் செல்லும் நகரத்தாருக்கு அது தங்கள் வீட்டில் நேர்ந்த துக்கம்போல் இருந்தது. 1984இல் நகரப் போக்குவரத்துக் கம்பெனி, பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரை முன்மாதிரியாகக் கொண்டு, குறைந்த கட்டணத்தில் மாதம் முழுதும் டிராமிலும் பஸ்ஸிலும் போய்வர ஒரு சீட்டை வெளியிட்டது. சுற்றுப்புறக் காப்புச் சீட்டு என்பது அதற்கு இட்ட பெயர். காரை வீட்டில் நிறுத்திவிட்டு டிராமில் ஏறியவர்களின் தொகை பெருகவே, 1991இல் அச்சீட்டு சுற்றியுள்ள ஜில்லாக்களுக்கும் செல்லுபடியாகும்படி விரிவுபடுத்தப்பட்டது. 1986 ஏப்ரலில் செர்னோபில் உலை வெடித்து, அதன் தூசி தென்ஜெர்மனியின் மேய்ச்சல் நிலங்களிலும் படிந்தபோது, வீல் காட்டுப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒவ்வொரு தாயின் சமையலறைக்கும் வந்துவிட்டது. பாலைக் காய்ச்சலாமா, கீரையைச் சமைக்கலாமா என்று தெரியாமல் மக்கள் தவித்த அந்த ஆண்டிலேயே, அணுமின்சாரத்தைச் சார்ந்திராமல் மின்சிக்கனத்தையும் உள்ளூர் உற்பத்தியையும் சூரியசக்தியையும் நாடுவது என்று ஃபிரைபுர்க் நகரசபை தீர்மானம் செய்தது. நகரத்துக்குச் சொந்தமான நிலத்தில் யார் வீடு கட்டினாலும் வெப்பம் வீணாகாத முறையில்தான் கட்டவேண்டும் என்னும் விதி 1992இல் வந்தது.

இவையனைத்தும் ஒன்றுகூடிய இடம் வோபான் பேட்டை. இரண்டாம் யுத்தத்துக்குப் பின் பிரெஞ்சுப் படை தங்கியிருந்த பாளையம் அது. 1992இல் படை வெளியேறியதும், நகரத்தின் தென்புறத்தில் ஏறத்தாழ 40 ஹெக்டேர் நிலம் காலியாயிற்று. வாடகை கொடுக்க வழியற்ற மாணவர்களும் இளைஞர்களும் பழைய படைவீடுகளில் சிலவற்றைத் தங்களுக்கே விடவேண்டுமென்று போராடிப் பெற்று, தாமே பழுதுபார்த்துக் குடியேறினார்கள். மீதி நிலத்தில் பேட்டை எப்படி அமையவேண்டும் என்று ஆலோசிக்க, குடியிருக்க விரும்பியவர்கள் ஒரு மன்றமாகக் கூடினார்கள். அம்மன்றத்தை 1995இல் நகராட்சி அங்கீகரித்தது. பெரிய கட்டடக் கம்பெனிகளுக்கு மொத்தமாக விற்றுவிடாமல், பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மனைகள் கொடுக்கப்பட்டன.

கார் விஷயத்தில் அங்கே கண்டுபிடித்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்வது தகும். வீடு கட்டினால் வண்டி நிறுத்த ஓரிடமும் கட்டியே தீரவேண்டும் என்பது அப்போதைய மாநிலச் சட்டம். கார் வைத்துக்கொள்ளாத குடும்பத்துக்கும் அதிலிருந்து விலக்கு இருக்கவில்லை. எனவே கார் இல்லாதவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பேட்டையின் ஓரத்தில் ஒரு நிலத்தை வாங்கி, பிற்காலத்தில் தேவைப்பட்டால் அங்கே வண்டிக் கொட்டகை எழுப்பலாம் என்று பத்திரத்தில் காட்டிவிட்டு, நிலத்தைப் புல்வெளியாகவே விட்டுவிட்டார்கள். தம்மிடம் கார் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டு, அந்நிலத்தில் தமது பங்குக்கான சிறு தொகையைக் கட்டினால் போதும். கார் உள்ளவரோ பேட்டையின் விளிம்பிலுள்ள அடுக்குக் கொட்டகையில் பெருந்தொகை கொடுத்து ஓரிடம் வாங்கி, அங்கே வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரவேண்டும். வீட்டு வாசலில் சாமான் இறக்கலாம். நிறுத்தி வைக்கக் கூடாது. குடியிருப்புத் தெருக்களில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகலாம் ஆதலால், குழந்தைகள் நடுத்தெருவில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து விளையாடுகிறார்கள். 2006இல் டிராம் பாதையும் வந்து சேர்ந்தது. இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வசிக்கிறார்கள். ஒரு கட்சி தன் கொள்கையை இப்படிச் சுண்ணாம்பும் செங்கல்லுமாக நிறுத்திக் காட்டும்போது, மேடைப் பிரசங்கத்துக்குக் கிடைக்காத நம்பிக்கை அதற்குக் கிடைத்துவிடுகிறது. வோபானின் வாக்குச்சாவடிகளில் அக்கட்சி பெற்ற பெரும்பான்மை பிரசித்தம்.

2002இல் மேயரான சாலமோன், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1960இல் பிறந்து, தென்ஜெர்மனியின் ஆல்கோய் பிரதேசத்தில் வளர்ந்து, மாணவராக ஃபிரைபுர்க்குக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். நகரசபையிலும் மாநிலச் சட்டசபையிலும் அனுபவம் பெற்றவர். அம்மாநிலத்தில் மேயரை ஜனங்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம் எட்டாண்டு. இரண்டாவது சுற்றில் அவருக்கு நூற்றுக்கு 64 வாக்குகளுக்கு மேல் விழுந்தன. கடைக்காரரும் வங்கிக்காரரும் தயக்கமின்றிக் கைகொடுத்த பசுமைத் தலைவர் அவர். நகரசபையில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு அவர் இணங்கிப் போனதைக் கட்சியின் பழைய தொண்டர்களிற் பலர் மனங்கசந்தே பார்த்தார்கள்.

கசப்பு வெடித்தது 2006இல். நகராட்சியின் கடன் சுமை ஏறிப்போயிருந்தது. அதைத் தீர்ப்பதற்காக, நகரத்துக்குச் சொந்தமான 8,000க்கும் மேற்பட்ட வாடகைக் குடியிருப்புகளை மொத்தமாக விற்றுவிடலாம் என்று சாலமோன் முன்மொழிய, நகரசபையிலும் அதற்குப் பெரும்பான்மை ஆதரவு கிடைத்தது. ஆதரித்தவர்களில் பசுமைக் கட்சியின் உறுப்பினரும் அடக்கம். அக்குடியிருப்புகளில் வசித்தவர்கள் வயோதிகர், கூலிவேலைக்காரர், பிள்ளைகளோடு தனித்து வாழும் தாய்மார் போன்றோர். அவர்களும் அவர்களுக்காகப் பரிந்தவர்களும், குடியிருப்பு மனித உரிமை என்னும் கோஷத்தோடு வீடுவீடாகக் கையெழுத்து வாங்கி, விஷயத்தை நகரமக்களின் நேர்வாக்குக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். விற்பனை கைவிடப்பட்டது. இரண்டாண்டுக்குப்பின் கட்சியின் நகரசபைக் குழுவிலிருந்து சிலர் பிரிந்து பசுமை மாற்று என்னும் பெயரில் தனிக் குழு அமைத்தார்கள்.

சாலமோனின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் தலைமீது கடனை ஏற்றி வைக்கக் கூடாது என்பதும் பசுமைக் கட்சியின் ஆதிக் கொள்கைகளில் ஒன்றே. ஆனால் பொதுக் காட்டை விற்கக் கூடாதென்று மறித்து நின்றவர்களின் வழியில் வந்த கட்சி, பொது வீடுகளை விற்கக் கைதூக்கியதைப் பிழை என்றே கருதுகிறேன். சைக்கிள் பாதையும் சூரியத் தகடும் அமைந்த பேட்டைகள் அழகானவை. அங்கே குடியிருக்க எல்லோரும் ஆசைப்படுவதாலேயே வாடகை ஏறுகிறது. ஏறிய வாடகையைக் கொடுக்க மாட்டாதவன் நகரத்துக்கு வெளியே போய், அங்கிருந்து தினமும் காரில் வேலைக்கு வருகிறான். இந்த வட்டத்தை அறுக்காத சுற்றுப்புறக் கொள்கை வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே கொள்கையாய் நின்றுபோகும்.

2010இல் சாலமோன் பாதிக்குச் சற்றே மேற்பட்ட வாக்குகளோடு முதற் சுற்றிலேயே மறுபடி வென்றார். மறு வருஷம் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் நடந்த மாநிலத் தேர்தலில், ஃபில்பிங்கர் அமர்ந்திருந்த அதே முதன்மந்திரி ஆசனத்தில் பசுமைக் கட்சியின் வின்ஃபிரீட் கிரெட்ஷ்மான் அமர்ந்தார். அந்த ஏற்றத்திலும் ஃபிரைபுர்க்கில் வாடகை ஏறிக்கொண்டேயிருந்தது. 2018 மே மாதம் நடந்த மேயர் தேர்தலில், சமூக ஜனநாயகக் கட்சியின் ஆதரவோடு சுயேச்சையாக நின்ற முப்பத்துமூன்று வயது மார்ட்டின் ஹார்ன், யாவரும் கொடுக்கக்கூடிய வாடகையில் வீடு என்பதை முன்வைத்து, நூற்றுக்கு 44 வாக்குப் பெற்று வென்றார். சாலமோனுக்கு 31கூடக் கிட்டவில்லை. மூன்றாவதாக வந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றவர், முன்னே பிரிந்துபோன பசுமை மாற்றுக் குழுவைச் சேர்ந்த பெண்மணி.

இதோடு அக்கட்சி ஓய்ந்துவிடவில்லை. ஏறத்தாழ 15,000 பேர் வசிப்பதற்கு டீட்டன்பாக் என்னும் புதுப் பேட்டையை விளைநிலத்தில் எழுப்பலாமா என்று 2019 பிப்ரவரி 24ஆம் நாள் நகரத்தார் நேராக வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் அந்த நிலத்து விவசாயிகளும் இயற்கைக் காப்புச் சங்கத்தார் பலரும். நகரசபையின் பசுமைக் கட்சியார் இம்முறை வீடு கட்டவேண்டும் என்னும் பக்கம் நின்றார்கள். நூற்றுக்கு அறுபது பேர் கட்டச் சொன்னார்கள். மண்ணைக் காத்த விவசாயிகளின் போராட்டத்தில் பிறந்த கட்சி, ஐம்பதாண்டு முடியுமுன் விவசாயிகளுக்கு எதிர்த்தரப்பில் நின்றதைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. 2006இல் செய்த பிழையிலிருந்து அக்கட்சி பாடம் கற்றதற்கு இதுவே அத்தாட்சி என்பது என் துணிபு. வயலை இழந்த குடியானவனுடைய வருத்தம் மெய்யானது, வீடில்லாதவனுடைய வருத்தமும் மெய்யானது, இரண்டையும் சீர்தூக்கி ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பிலிருந்து நகரசபையில் ஆசனம் பெற்ற எந்தக் கட்சியும் தப்ப முடியாது. அவ்வாண்டு மே 26ஆம் நாள் நடந்த நகரசபைத் தேர்தலில் 48 ஆசனங்களில் 13ஐப் பெற்றுப் பசுமைக் கட்சி முதலிடத்தில் நின்றது.